சுவருக்குப் பின்னால் இருப்பது தெர்மல் கேமராவுக்குத் தெரியுமா?

ஆக்‌ஷன் படங்களில் அடிக்கடி வரும் காட்சி இது. ஒரு கட்டடத்துக்குள் வில்லனின் ஆட்கள் பதுங்கியிருப்பார்கள். வெளியே வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒரு கேமராவை அந்தப் பக்கம் திருப்புவார். அவ்வளவுதான், திரையில் சுவரே காணாமல் போய்விடும். உள்ளே நடமாடும் நான்கு பேரும் சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று தெரிவார்கள். "மொத்தம் நாலு பேர் சார், ரெண்டு பேர் மாடியில" என்று வயர்லெஸ்ஸில் தகவல் பறக்கும்.

படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காட்சி மனதில் தங்கிவிடுகிறது. அதனால்தான் எங்காவது கட்டடம் இடிந்து விழுந்தால், "தெர்மல் கேமராவை வெச்சுப் பார்த்தா உள்ளே யார் உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சிடுமே, ஏன் பார்க்கலை?" என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், மொபைலில் செருகிக்கொள்ளும் தெர்மல் கேமராக்கள் ஆன்லைனில் விற்பனைக்கு வந்த பிறகு, "பக்கத்து வீட்டுக்காரர் இதை வாங்கினால் நம் படுக்கையறை தெரியுமா, குளியலறை தெரியுமா?" என்ற பயமும் வந்திருக்கிறது. முதல் கேள்வியில் இருப்பது நம்பிக்கை, இரண்டாவதில் இருப்பது அச்சம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தெர்மல் கேமரா சுவரை ஊடுருவிப் பார்க்கும் என்ற எண்ணம்.

நேரடியாகப் பதில் சொல்லிவிடலாம். பார்க்காது. செங்கல் சுவர், கான்கிரீட் சுவர், மரக்கதவு எதையும் அது ஊடுருவாது. ஜன்னல் கண்ணாடியைக்கூட அதனால் தாண்ட முடியாது. ஆனால், "அப்படியென்றால் கவலையே இல்லை" என்று இந்த விஷயத்தை மூடிவைத்துவிடவும் முடியாது. காரணம், சுவர் தன் சூட்டின் மூலம் சில சேதிகளை வெளியே சொல்கிறது. அந்தச் சேதியைப் போலீஸ் ஒட்டுக்கேட்கலாமா என்று அமெரிக்காவில் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கதைக்கு முன்னால், இந்தக் கேமரா உண்மையில் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கேமரா பார்ப்பது எதை?

1800-ம் ஆண்டு. இங்கிலாந்தில் வசித்த வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு சூடு இருக்கிறது என்று தெர்மாமீட்டர் வைத்து அளந்தார். சிவப்பு நிறத்துக்கு வெளியே, கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டரிலும் வெப்பநிலை ஏறியது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி அங்கே இருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். அதைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்.

சூடு உள்ள எல்லாப் பொருளும் இந்தக் கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அடுப்பில் இருக்கும் தோசைக்கல்லும் வெளியிடுகிறது, ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலும் வெளியிடுகிறது. சூடு கூடினால் கதிர் அதிகம், குறைந்தால் குறைவு. மனித உடல் வெளியிடும் கதிரின் அலைநீளம், சுமாராக 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய பகுதியில் அதிகமாக இருக்கும். நம் கண்ணால் பார்க்கக்கூடிய ஒளியோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால்தான் இருட்டறையில் பக்கத்தில் நிற்பவரின் உடல் அகச்சிவப்பில் 'ஒளிர்ந்தாலும்' நமக்குத் தெரிவதில்லை.

பரவலாகப் பயன்படும் தெர்மல் கேமராக்கள் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிரைப் பிடிக்கின்றன. நல்ல கேமராவாக இருந்தால், ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும். திரையில் தெரியும் சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் பூசும் வண்ணங்கள். சூடான இடத்துக்கு ஒரு நிறம், குளிர்ந்த இடத்துக்கு ஒரு நிறம் என்று நம் வசதிக்காகக் கொடுப்பது. அதே காட்சியை வெறும் கறுப்பு வெள்ளையிலும் பார்க்கலாம்.

ஆக, தெர்மல் கேமராவும் ஒரு கேமராதான். அதன் முன்னால் இருக்கும் பொருளின் மேற்பரப்பிலிருந்து கதிர் கிளம்பி, லென்ஸுக்குள் வந்து விழ வேண்டும். வழியில் எதுவாவது மறைத்தால், மறைத்த பொருளின் சூடுதான் தெரியும்.

சுவர் எப்படி மறைக்கிறது?

கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கிபோல ஒரு கருவியை நீட்டினார்களே, நினைவிருக்கிறதா? அது பிடித்ததும் இதே அகச்சிவப்புக் கதிரைத்தான். அந்தக் கருவி மண்டைக்குள் புகுந்து பார்க்கவில்லை. நெற்றித் தோலின் மேற்பரப்பில் இருந்த சூட்டை மட்டும் அளந்தது. வெயிலில் நடந்து வந்தவருக்கு அதிகமாகவும், ஏசி காரில் வந்து இறங்கியவருக்குக் குறைவாகவும் காட்டியதற்குக் காரணம் அதுதான்.

சுவரிலும் இதேதான் நடக்கிறது. உள்ளே நிற்பவரின் உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர், சுவரின் உள்பக்கப் பூச்சில் பட்டதுமே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். அங்கேயே அதன் பயணம் முடிந்தது. அந்தச் சூடு சுவரின் கனம் முழுவதையும் கடந்து வெளிப்பக்கம் வர வேண்டுமென்றால், செங்கல் செங்கலாக மெதுவாகக் கடத்தப்பட்டுத்தான் வர வேண்டும். ஒன்பது இன்ச் சுவரில் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் அது நாலாபக்கமும் பரவிக் கரைந்துபோகும். ஆளின் உருவம் அப்படியே வெளியே வந்து சேர வழியே இல்லை.

கோடைக்காலத்தில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம், வெயில் இறங்கிய பிறகும் ராத்திரி பத்து மணி வரை அறைக்குள் அனலைக் கொட்டிக்கொண்டிருக்கும். சூடு கான்கிரீட்டைக் கடந்து உள்ளே வர அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் வெளியிடும் வெப்பம் ஏறக்குறைய 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. மேற்குப் பார்த்த சுவரில் சாயங்கால வெயில் அடித்தால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பல நூறு வாட் வெப்பம் வந்து விழுகிறது. அந்தச் சூட்டுக்கு நடுவே, சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உடல் சூட்டைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது நடக்கிற காரியமா?

துணிக்கூடாரம், திரைச்சீலை போன்ற மெல்லிய பொருள்கள் என்றால், அதை ஒட்டி நிற்பவரின் சூட்டில் துணியே கொஞ்சம் சூடாகி, வெளியே ஒரு மங்கலான திட்டாகத் தெரியலாம். அப்போதும் தெரிவது துணியின் சூடுதான். உடுத்தியிருக்கும் ஆடைக்கும் இதே கதைதான். இறுக்கமான சட்டை உடல் சூட்டை வாங்கிக்கொண்டு சூடாகத் தெரியும். தொளதொளவென்ற சட்டை, சட்டையாக மட்டும் தெரியும்.

கண்ணாடி மறைக்கும், குப்பை கவர் காட்டிக்கொடுக்கும்

எது மறைக்கும், எது மறைக்காது என்பதில் நம் கண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம். ஜன்னல் கண்ணாடி வழியே நமக்குத் தெருவே தெரிகிறது. தெர்மல் கேமராவுக்கு அதே கண்ணாடி ஒரு சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் தெரியமாட்டார். கேமரா வைத்திருப்பவரின் சொந்த உருவம்தான் அதில் மங்கலாகப் பிரதிபலிக்கும். இதனால்தான் தெர்மல் கேமராக்களில் சாதாரணக் கண்ணாடி லென்ஸ் போடுவதில்லை. ஜெர்மானியம் என்ற தனிமத்தால் செய்த லென்ஸைப் பயன்படுத்துகிறார்கள். நம் கண்ணுக்கு அது உலோகத் துண்டு மாதிரி இருக்கும். எதுவும் ஊடுருவித் தெரியாது. அகச்சிவப்புக் கதிருக்கோ அதுதான் கண்ணாடி.

இதற்கு நேரெதிர், குப்பை போடும் மெல்லிய கறுப்பு பாலித்தீன் கவர். அதற்குள் கையை விட்டால் நமக்குக் கை தெரியாது. தெர்மல் கேமராவில் விரல்கள் தனித்தனியாகத் தெரியும். மெல்லிய பாலித்தீன், இந்தக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுக்காமல் விட்டுவிடுகிறது.

எவர்சில்வர் பாத்திரம் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியிடுவது மிகக் குறைவு. சுற்றியிருப்பதைத்தான் பிரதிபலிக்கும். கொதிக்கக் கொதிக்கப் பால் ஊற்றிய புது எவர்சில்வர் பாத்திரத்தைக் கேமரா 'ஆறிப்போனது' என்று காட்டக்கூடும். அதை நம்பித் தொட்டால் கை வெந்துவிடும்! கரி ஏறிய தோசைக்கல்லோ தன் சூட்டை மறைக்காமல் சொல்லிவிடும்.

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. நான்கு நாள் கழித்து, பக்கத்திலுள்ள வாட்டர்டவுனில், ஒரு வீட்டின் பின்புறம் நிறுத்தியிருந்த படகுக்குள் சந்தேக நபர் ஒளிந்திருந்தார். அந்த வீட்டுக்காரர் சொன்ன தகவலை வைத்துப் போலீஸ் ஹெலிகாப்டர் மேலே பறந்தது. படகை மூடியிருந்த பிளாஸ்டிக் உறைக்குக் கீழே ஒருவர் படுத்திருப்பதை அதிலிருந்த தெர்மல் கேமரா காட்டியது. அந்த வீடியோவைப் பார்த்த பலரும், கேமரா எதையும் ஊடுருவும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அங்கே மூடியிருந்தது மெல்லிய பிளாஸ்டிக். படகுக்குப் பதிலாக அவர் ஓட்டு வீட்டுக்குள் ஒளிந்திருந்தால், ஹெலிகாப்டருக்கு ஓடுகளின் சூடு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

சுவரே சொல்லும் சேதிகள்

ஊடுருவிப் பார்க்க முடியாவிட்டாலும், சுவரின் மேற்பரப்பை வைத்தே பல விஷயங்களைக் கண்டுபிடிக்கலாம். கட்டடத் துறையில் இந்தக் கேமராவைப் பயன்படுத்துவதே அதற்காகத்தான்.

சுவரில் ஓதம் ஏறியிருந்தால், ஈரம் ஆவியாகும்போது அந்த இடம் சற்றுக் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குக் கறை தெரிவதற்கு முன்பே கேமராவில் அது நீலத் திட்டாகத் தெரியலாம். சுவருக்குள் பதித்த குழாயில் வெந்நீர் ஓடினால், அது போகும் பாதை கோடாகத் தெரியும். சுவிட்ச் போர்டில் ஒரு ஒயர் லூசாக இருந்தால், அந்த முனை மட்டும் சூடேறிக் காட்டிக்கொடுக்கும். தீப்பிடிக்கும் முன்பே சரிசெய்துவிடலாம். துணை மின் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் இந்தச் சோதனை வழக்கமாக நடக்கிறது.

தீயணைப்பு வீரர்களுக்கு இது உயிர் காக்கும் கருவி. புகையில் இருக்கும் கரித்துகள்கள் சாதாரண ஒளியைத் தடுத்துவிடும். அலைநீளம் அதிகமான அகச்சிவப்புக் கதிர் அதில் பெருமளவு தப்பி வந்துவிடும். எதிரே கை நீட்டினால் தெரியாத புகையிலும், தரையில் மயங்கிக் கிடப்பவரைக் கேமரா காட்டும். மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டாது. ஆனால், கதவின் மேல்பகுதி கொதிக்கிறதா என்று காட்டும். அந்தப் பக்கம் தீ இருக்கிறது, யோசிக்காமல் திறக்காதே என்ற எச்சரிக்கை அது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. கேமரா காட்டுவது சூட்டின் வித்தியாசத்தை. அதற்குக் காரணம் என்ன என்று ஊகிப்பது மனிதர். நீலத் திட்டு ஈரமாகவும் இருக்கலாம், ஏசி காற்று படும் இடமாகவும் இருக்கலாம். அனுபவம் உள்ளவர்கள் ஈரமானி வைத்துச் சோதித்த பிறகுதான் சுவரை உடைக்கச் சொல்வார்கள்.

இந்த ஊகம்தான் ஒரு வீட்டின் அந்தரங்கத்தைத் தொட்டது.

அதிகாலை 3.20 மணிக்கு ஒரு சோதனை

1992 ஜனவரி 16. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள ஃபுளோரன்ஸ் என்ற சிற்றூர். அதிகாலை 3.20 மணிக்கு, ஒரு வீட்டுக்கு எதிரே தெருவில் நின்ற காருக்குள் இருந்தபடி அதிகாரி ஒருவர் தெர்மல் கேமராவைத் திருப்பினார். அஜிமா தெர்மோவிஷன் 210 என்ற மாடல் அது. சில நிமிடங்களில் வேலை முடிந்தது. அந்த வீட்டின் கராஜ் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மற்ற பகுதிகளைவிடச் சூடாக இருந்தன. பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டால் இன்னும் நன்றாகவே சூடு தெரிந்தது.

உள்ளே கஞ்சா செடி வளர்க்கிறார்கள், அதற்காக அதிக வெப்பம் தரும் ஹாலைடு விளக்குகளை எரிக்கிறார்கள் என்று அதிகாரிகள் ஊகித்தார்கள். இந்தப் படத்தோடு, கிடைத்த ரகசியத் தகவல்களையும் மின் கட்டண விவரத்தையும் சேர்த்து நீதிபதியிடம் காட்டி, வாரன்ட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். ஊகம் சரிதான். நூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் இருந்தன.

வீட்டில் குடியிருந்த கைலோ ஒரு கேள்வியை எழுப்பினார். வாரன்ட் வாங்குவதற்கு முன்பே கேமராவை வைத்து வீட்டைச் சோதித்தது சட்டப்படி செல்லுமா? 'கைலோ எதிர் அமெரிக்கா' என்று சட்டப் புத்தகங்களில் இடம்பிடித்த வழக்கு இது. விசாரணை நீதிமன்றம் கேமராவின் திறனை ஆராய்ந்து, அது சுவரையோ ஜன்னலையோ ஊடுருவாது, உள்ளே இருப்பவர்களையோ அவர்கள் செய்வதையோ காட்டாது என்று பதிவு செய்தது. அறிவியல்படி அது சரியான முடிவு.

அரசுத் தரப்பும் அதைத்தான் பிடித்துக்கொண்டது. கேமரா உள்ளே பார்க்கவில்லை. சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து தெருவுக்கு வந்த வெப்பத்தைத்தான் அளந்தது. அதில் என்ன தவறு?

2001 ஜூன் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நீதிபதிகள் ஒன்பது பேரில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அன்டோனின் ஸ்காலியா. பொதுமக்களின் பயன்பாட்டில் பரவலாக இல்லாத ஒரு கருவியை வைத்து, வீட்டுக்குள் நுழையாமல் தெரிந்துகொள்ள முடியாத விவரத்தைத் தெரிந்துகொண்டால், அதுவும் சோதனையே. அதற்கு வாரன்ட் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். சுவரின் வெளிப்பக்கச் சூடுதானே என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. சக்திவாய்ந்த மைக்ரோபோனும் வீட்டைவிட்டு வெளியே வரும் ஒலியைத்தானே பிடிக்கிறது, அதற்காக ஒட்டுக்கேட்பதை அனுமதிக்க முடியுமா என்பது அவர் தர்க்கம். வீட்டில் ஒரு பெண்மணி இரவில் எத்தனை மணிக்குக் குளிக்கிறார் என்ற விவரம்கூட இப்படி வெளியே தெரிந்துவிடலாம் என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

மாறுபட்ட கருத்தை எழுதிய ஜான் பால் ஸ்டீவன்ஸின் வாதமும் லேசானதல்ல. சுவரை ஊடுருவிப் பார்ப்பது வேறு, சுவரிலிருந்து வெளியே வருவதைப் பார்ப்பது வேறு என்றார் அவர். ஒரு கூரையில் மட்டும் பனி சீக்கிரம் உருகினால், தெருவில் போகிறவருக்கே அந்த வீடு சூடாக இருப்பது தெரிந்துவிடுமே என்று கேட்டார். இருந்தாலும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வீட்டின் அந்தரங்கம் வென்றது. மற்ற ஆதாரங்களை மட்டும் வைத்து வாரன்ட் செல்லுமா என்று பார்க்கும்படி வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது.

இந்தத் தீர்ப்பில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 'பரவலாகப் பயன்பாட்டில் இல்லாத கருவி' என்றார்களே, 1992-ல் தெர்மல் கேமரா அப்படித்தான் இருந்தது. 2014-ல் மொபைலில் மாட்டும் தெர்மல் கேமரா கடைக்கு வந்தது. 2016-ல் தெர்மல் கேமராவோடு சேர்ந்த ஸ்மார்ட்போனே வந்துவிட்டது. இனி இது பரவலான கருவியா, இல்லையா? விலை குறையக் குறைய இந்தக் கேள்வி கனமாகிக்கொண்டே போகும்.

அப்படியென்றால் சுவரைத் தாண்டுவது எது?

பக்கத்து அறையில் இருக்கும் வைஃபை, கதவைச் சாத்தினாலும் இந்த அறைக்குக் கிடைக்கிறது. ரேடியோ அலைகளின் நீளம் அகச்சிவப்புக் கதிரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். செங்கல், மரம், ஓரளவுக்குக் கான்கிரீட் ஆகியவற்றை அவற்றால் கடக்க முடியும். சுவருக்குப் பின்னால் ஆள் இருப்பதை உண்மையில் கண்டுபிடிப்பவை, இந்த அலைகளைப் பயன்படுத்தும் ரேடார்கள்தான்.

இவை படம் பிடிப்பதில்லை. அலையை அனுப்பி, திரும்பி வருவதில் ஏதாவது அசைவு தெரிகிறதா என்று பார்க்கின்றன. மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்கும் சிறு அசைவே போதும். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகமும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் உருவாக்கிய 'ஃபைண்டர்' என்ற கருவி அந்த வகை. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் பூகம்பம் வந்தபோது, சௌதாரா என்ற ஊரில் செங்கல், மண் இடிபாடுகளுக்கு அடியில் சிக்கியிருந்த நான்கு பேரின் இதயத்துடிப்பை இது கண்டுபிடித்தது. நான்கு பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

ரேடாரும் ஏமாறும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டது. மூன்று நாள் கழித்து முண்டக்கையில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து மூச்சு போன்ற ஒரு சிக்னல் ரேடாரில் கிடைத்தது. மீட்புக் குழுவினர் மணிக்கணக்கில் தோண்டினார்கள். யாரும் கிடைக்கவில்லை. அந்தக் கருவியைச் சில செய்திகள் 'தெர்மல்' என்று குறிப்பிட்டன. பெயர் மாறினால் என்ன என்று தோன்றலாம். ஆனால், எந்தக் கருவியால் எது முடியும் என்று தெரிந்தால்தான் காத்திருக்கும் குடும்பத்துக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்காமல் இருக்கலாம். தெர்மல் ட்ரோன், இரவில் வெள்ளத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவரைக் கண்டுபிடிக்கும். கான்கிரீட் தளத்துக்கு அடியில் இருப்பவரைக் கண்டுபிடிக்காது. அங்கே ரேடாரும், ஒலியைக் கேட்கும் கருவிகளும், மோப்ப நாய்களும்தான் துணை.

கைலோ வழக்கின் நீதிபதிகள் பயந்ததும் இதற்குத்தான். சுவரைத் தாண்டும் ரேடார்கள் தயாராகிக்கொண்டிருப்பதை 2001-லேயே அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. சொன்னபடியே 'ரேஞ்ச்-ஆர்' என்ற கையடக்க ரேடார் அமெரிக்கப் போலீஸாரிடம் வந்து சேர்ந்தது. 2014 டிசம்பரில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கைது வாரன்ட்டோடு போன போலீஸார் இதைப் பயன்படுத்திய வழக்கைப் பார்த்தது. கைது செல்லும் என்று சொன்னாலும், வாரன்ட் இல்லாமல் இப்படி ஒரு கருவியைப் பயன்படுத்துவது கவலைக்குரிய கேள்விகளை எழுப்புகிறது என்று எச்சரித்தது.

நம் வீட்டுக்கு என்ன?

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று புட்டசுவாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மற்ற நாட்டு வழக்குகளை அலசும் பகுதியில் கைலோ வழக்கும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. ஒரு பெண்ணின் அந்தரங்கமான தருணத்தை அவருக்குத் தெரியாமல் பார்ப்பதும் படம் பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றம். எந்த வகைக் கேமராவை வைத்துச் செய்தாலும் தப்பு தப்புதான்.

நடைமுறையில், பக்கத்து வீட்டில் தெர்மல் கேமரா இருப்பதால் படுக்கையறையோ குளியலறையோ தெரிந்துவிடாது. சுவரும் கண்ணாடியும் நன்றாகவே காப்பாற்றும். திறந்து கிடக்கும் ஜன்னல் வேறு விஷயம். இருட்டாக இருக்கிறதே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் இந்தக் கேமரா முன் செல்லாது. விளக்கை அணைத்தாலும் உடல் சூடு தெரியும். இரவில் திரையை இழுத்துவிட்டாலே போதும்.

'உங்கள் மொபைலை எக்ஸ்ரே கேமரா ஆக்குங்கள், சுவருக்குப் பின்னால் பாருங்கள்' என்று கூவும் ஆப்களை நம்ப வேண்டாம். சாதாரண மொபைல் கேமராவில் வெப்பத்தைப் பிடிக்கும் சென்சாரே கிடையாது. படத்தில் வெளிச்சமான இடத்துக்குச் சிவப்பும் இருட்டான இடத்துக்கு நீலமும் பூசிக் காட்டுவது ஒரு வித்தையும் இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரே மாதிரி இரண்டு பீங்கான் கப் எடுத்து, ஒன்றில் வெந்நீரும் மற்றதில் ஐஸ் தண்ணீரும் ஊற்றி வெளிப்பக்கமாகப் பார்க்க வேண்டும். உண்மையான தெர்மல் கேமரா இரண்டையும் வேறு வேறு நிறத்தில் காட்டும். ஆப் இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டும். அப்படிக் காட்டினால், அது கேட்கும் கேலரி, கான்டாக்ட்ஸ் அனுமதிகளைக் கொடுக்காமல் உடனே நீக்கிவிடுவதே நல்லது. அடுத்தவர் வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டு இறக்கிய ஆப், நம் மொபைலுக்குள் இருப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்!

தண்ணீர்க் கசிவையோ மின்கசிவு ஆபத்தையோ கண்டுபிடிக்கத் தெர்மல் கேமரா வாங்க நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், தேவைக்கு வாடகைக்கும் அழைக்கலாம். அது காட்டும் படத்தைப் பார்க்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்: "இப்போது நான் பார்ப்பது எந்தப் பொருளின் மேற்பரப்பு?" பளபளக்கும் குழாய், வெயில் பட்ட சுவர், ஏசி காற்று படும் மூலை என்று பதில் எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பதில் தெரிந்த பிறகு சுவரை உடைப்பதா, வேண்டாமா என்று முடிவெடுத்தால் கொத்தனார் கூலியாவது மிச்சமாகும்.